இறக்கையினுள் ஓடும் காற்றுக்குழாய்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியைப் பயின்றோர் மயிற்பொறியை மறவார். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துக்கொண்ட வேளையில், சச்சந்த மன்னன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி விடுத்தான். பொறியை வலமாகத் திருகினால் மேலெழும். இடமாகத் திருகினால் கீழிறங்கும். பகைவனது வெற்றி முரசொலி கேட்டுத் தேவி மயங்கினாள். மயிலும் சுடுகாட்டில் இறங்கிற்று. ஏறவும் இறங்கவும் வழி கூறிய புலவர், ஊர்பவர் தாம் எவ்வளவு விரைவிற் செல்கின்றனர், எவ்வளவு உயரத்திற் பறக்கின்றனர் என்பதை அறிதற்குரிய வழியைக் கூறினாரல்லர். காப்பியத்துக்கு அது வேண்டுவதன்று. உண்மை விமானத்துக்கோ அதுவே உயிர்நிலை.

அவ்வுயிர்நிலை விமானத்தின் இறக்கையினுள்ளே, கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், சிறுவிரலினும் மெல்லிய ஒரு குழாயாக ஓடுகின்றது. அதனைப்பற்றி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எளிய தமிழிற் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியர்க்கு விமானத்தோடு என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். எந்தத் தொழில்நுட்பமும் தாய்மொழியில் விளக்கப்பெறும்போதே மாணவன் உள்ளத்தில் வேரூன்றும் என்பது நமது துணிபு. மறைந்த அப்துல் கலாம் அவர்கள் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்ற நாளில், அக்கல்லூரித் தமிழ்ச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு, நம் விமானத்தை நாமே செய்வோம் என்னும் கருத்தமைந்த கட்டுரையைத் தமிழிலேயே எழுதினார். ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசும் பெற்றார். தமிழும் விமானமும் முன்னரே உறவு பூண்டவை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தாமே கட்டிய விமானங்கள்

விமானம் என்றவுடன் பெருந்தொழிற்சாலைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், தனியொருவர் தம் வீட்டுக் கொட்டகையிலே விமானம் கட்டிப் பறக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. அத்தகையோருக்கென 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றி இன்றளவும் நிலைத்திருக்கின்றது. மும்பையில் விமானி அமோல் யாதவ் தம் குடியிருப்பு மாடத்தின் மேற்றளத்திலே ஆறு இருக்கைகளையுடைய விமானமொன்றைக் கட்டினார். 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனைப் பதிவு செய்தது.

நம் நாட்டுக்கும் இத்துறையில் ஒரு பெருமகனார் இருந்தார். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். நம் உழவர்கள் இன்று ‘லாண்ட்மாஸ்டர்’ என வழங்கும் இருசக்கர உழவு இயந்திரத்தின் ஆக்கத்தில் முன்னின்றவர். மலைச்சரிவிலே மண் அரிக்காதவாறு பயிரிடும் முறையை இடையறாது எடுத்துரைத்தவர். இவற்றோடு, இலேசான விமானங்களைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, தாமே செலுத்தியவரும் அவரே. உழவு, கடலோட்டம், வானோட்டம் ஆகிய மூன்றிலும் தம் கையாற் செய்து பாராத எதனையும் அவர் நம்பினாரல்லர்.

நம் மாத்தளை மாவட்டத்திலும் விமானத்தின் ஒலி புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சிகிரியா விமானத்தளம் இன்று இலங்கை விமானப்படையின் பொறுப்பில் இருக்கின்றது. காசியப்பன் குன்றைக் காண வருவோர் அதன் அருகே தாழப் பறக்கும் விமானத்தையும் காண்பதுண்டு.

காற்றை அளக்கும் முறை

நிலத்தில் ஓடும் வண்டியின் வேகத்தைச் சக்கரத்தின் சுழற்சி காட்டும். வானூர்தியின் சக்கரம் வானிற் சுழல்வதில்லை. ஆதலின், எதிர்வரும் காற்றின் தாக்கத்தைக்கொண்டே வேகத்தை அறிதல் வேண்டும். இதற்கு வழி கண்டவர் ஆன்றி பீற்றோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். 1732ஆம் ஆண்டில் அவர் செயின் ஆற்றின் ஓட்டத்தை அளத்தற்கு வளைந்த கண்ணாடிக் குழாயொன்றை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிறுத்தினார். ஓட்டத்தின் விரைவு மிகமிகக் குழாயினுள் நீர் மிகுதியாக உயர்ந்தது. ஆற்றுக்கு அமைந்த அக்குழாயே இன்று ஆகாயத்துக்கும் பயன்படுகின்றது. அதனாலேயே அது பீற்றோ குழாய் எனப் பெயர் பெற்றது.

விமானத்தில் இருவகைத் துளைகள் உண்டு. முதலாவது, இறக்கையின் கீழே காற்றுக்கு எதிர்முகமாக நீட்டி நிற்கும் பீற்றோ வாய். அது சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கத்தையும் பாய்ந்துவரும் காற்றின் தாக்கத்தையும் ஒருங்கே ஏற்கும். இரண்டாவது, விமான உடலின் பக்கத்தில் உள்ள சிறு துளை. அது காற்றோட்டத்துக்குப் பக்கம் காட்டி நிற்றலால், சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கத்தை மட்டுமே ஏற்கும். இதனை நிலையமுக்கத் துளை எனலாம். இவ்விரண்டின் வேறுபாட்டை வேகமானி காட்டும். நிலையமுக்கம் ஒன்றனையே கொண்டு உயரமானியும் ஏற்ற இறக்கமானியும் இயங்கும். தாழ்ந்த வெளியில், அமுக்கம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ 30 அடி உயர்ந்துவிட்டோம் என்பது உயரமானியின் கணக்கு.

இந்த வேறுபாடு எவ்வளவு சிறிது என்பதை மாணவர் உணர்தல் வேண்டும். கடல்மட்டக் காற்றில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அது 12 மில்லிமீற்றர் உயர நீர்நிரலுக்கு ஒப்பாகும். 100 கிலோமீற்றரில் 48 மில்லிமீற்றர், 150இல் 108, 200இல் ஏறத்தாழ 193. வேகம் இருமடங்கானால் அமுக்கம் நான்மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். தாழ்ந்த வேகங்களில் ஊசியை நகர்த்தும் ஆற்றல் மிகமிகச் சிறிதே. தரையிறங்கும் வேளையிலோ விமானி அத்தாழ்ந்த வேகத்தையே நம்பியிருக்கின்றான். ஆதலின், குழாயில் ஏற்படும் சிறு குறையும் அவ்வேளையிற் பெருந்தீங்காகும்.

குழாய் செல்லும் வழி

வீட்டில் விமானம் கட்டுவோன் பீற்றோ வாயிலிருந்து விமானியின் முன்னுள்ள கருவிப்பலகை வரை குழாயைக் கொண்டுசெல்லல் வேண்டும். இறக்கையின் நீளமெங்கும் ஓடும் முதன்மைச் சட்டத்தை வீட்டுக் கூரையின் வளையோடு ஒப்பிடலாம். அதற்குக் குறுக்கே வரிசையாக நிற்பவை விலாச்சட்டங்கள். பாரம் குறைத்தற்பொருட்டு விலாச்சட்டங்களில் வட்டத் துளைகள் இடப்பட்டிருக்கும். அத்துளைகளின் வழியே, அல்லது அதற்கெனத் தனியே இட்ட சிறு துளைகளின் வழியே, குழாய் செல்லும். இவ்வழியை வகுக்கும்போது நோக்கவேண்டியவை சில உள.

முதலாவது, இடம். சுழல்விசிறி தள்ளும் காற்று பீற்றோ வாயிற் படின் வேகம் பொய்யாகும். ஆதலின், விசிறியின் வீச்சுக்குப் புறத்தே, இறக்கையின் நடுப்பகுதியை அடுத்து அதனை அமைப்பர்.

இரண்டாவது, ஒதுக்கம். இறக்கையின் பின்னோரத்து அசையும் தட்டுகளை இயக்கும் கம்பிகளும் தண்டுகளும் அதே இறக்கையினுள் இயங்குகின்றன. அவற்றிற் குழாய் உராயலாகாது. சுக்கானை இருபுறமும் எல்லைவரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் இடைவெளி உளதா எனக் கண்ணாற் கண்டே துணிதல் வேண்டும். இங்கே குழாய் அறுவதனினும் தண்டு சிக்குவது பெருங்கேடு.

மூன்றாவது, காப்பு. அலுமினியத் தகட்டின் துளை விளிம்பு கத்தி போன்றது. இயந்திரத்தின் அதிர்வினாற் குழாய் அதில் நாடோறும் சிறிது சிறிதாகத் தேயும். ஆதலின், துளைதோறும் றப்பர் வளையம் பொருத்துவர். றப்பர் மரம் வளரும் நம் மாவட்டத்து மாணவர்க்கு றப்பரின் இயல்பை நாம் கூறவேண்டுவதில்லை.

நான்காவது, வளைவு. குழாயைச் சட்டென மடித்தால் அவ்விடம் நெரிந்து வழி அடையும். பெரிய வளைவாக மெல்லத் திருப்புதல் வேண்டும். முறுக்கி இழுத்துக் கட்டுதலும் ஆகாது. வெயிலிலும் குளிரிலும் பிளாத்திக்குக் குழாய் நீண்டு சுருங்குமாதலின் சிறிது தளர்வு வேண்டும். அத்தளர்வு தொய்வாகிவிடாதபடி சிற்றிடைவெளிதோறும் தாங்கு கொடுத்தலும் வேண்டும். பனி உறையாதிருக்க மின்சூடேற்றும் பீற்றோ வாயாயின், அதனை அடுத்த பகுதிக்கு உலோகக் குழாயே தக்கது.

ஐந்தாவது, அடையாளம். இறக்கையை உடலிலிருந்து கழற்றும் விமானங்களில், இறக்கை அடியிலே குழாய்களுக்கு இணைப்புகள் இருக்கும். பீற்றோ குழாயும் நிலையமுக்கக் குழாயும் அவ்விடத்தில் மாறிப் பொருத்தப்படின், வேகம் மிகமிக ஊசி சுழியை நோக்கிப் பின்வாங்கும். ஆதலின், இரண்டுக்கும் வெவ்வேறு நிறமிட்டு, இயலுமாயின் வெவ்வேறு அளவான இணைப்புகளையும் வைப்பர். மாற்றிப் பொருத்த எண்ணினும் பொருத்த முடியாதவாறு அமைப்பதே சிறந்த அமைப்பாகும்.

மழைநீர் செய்யும் தீங்கு

மேற்கூறியவற்றினும் நுண்ணியது நீரின் செயல். தோட்டப்புறங்களில் மலையூற்று நீரைக் குழாய்வழியே பீலிக்குக் கொண்டுவருவதை நம் மாணவர் பலர் நன்கறிவர். குழாய் இடையே மேடேறி இறங்கினால், அம்மேட்டிற் காற்றுத் தங்கி நீரை மறிக்கும். விமானக் குழாயில் இதன் மறுதலை நிகழ்கின்றது. குழாய் இடையே தாழ்ந்து எழுந்தால், அத்தாழ்விலே நீர் தங்கிக் காற்றை மறிக்கின்றது. மழையிற் பறக்கும்போது பீற்றோ வாயிற் புகும் துளிகளும், குளிரிற் கசியும் ஈரமும் அங்கே சேரும்.

ஒரு கணக்கு செய்து பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் பீற்றோ வாயின் தாக்கம் ஏறத்தாழ 31 மில்லிமீற்றர் நீர்நிரலாகும். தாழ்வில் தங்கிய நீர் 10 மில்லிமீற்றர் உயரம் ஒருபுறமாக ஏறி நிற்பதாகக் கொள்வோம். விமானம் விரைவு கூடும்போது நீர் கருவியின் பக்கம் ஏறும். கருவிக்கு எட்டுவது 21 மில்லிமீற்றரே. அது 66 கிலோமீற்றர் எனக் காட்டும். விரைவு குறையும்போதோ, உள்ளே அடைபட்ட காற்று நீரை மறுபக்கம் தள்ளும். கருவியில் 41 மில்லிமீற்றர் எஞ்சி நிற்கக்கூடும். அப்போது ஊசி 92 எனக் காட்டும். விமானம் செல்வதோ 80இல். தரையிறங்க வருபவன் இன்னும் வேகம் உண்டு என நம்பி மேலும் குறைப்பான். இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்து விமானம் வீழும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த நீர் ஓர் உயிரைக் கொள்ளும் வகை இதுவே.

இதற்கு மருந்து ஒழுங்கான சாய்வு. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. பெரும்பாலான சிறு விமானங்களில் இறக்கையின் நுனி சற்று உயர்ந்தும் அடி தாழ்ந்தும் இருக்கும். ஆகவே, இறக்கைக் குழாயிற் புகுந்த நீர் இயல்பாகவே இறக்கை அடியை நோக்கி, அதாவது கருவிகள் உள்ள திக்கை நோக்கி, வந்து சேரும். அங்கே, குழாய் கருவிப்பலகைக்கு மேலெழுவதற்கு முன்னுள்ள தாழ்ந்த இடத்திலே, நீரை வடிக்கும் சிறு அடைப்பை வைத்தல் வேண்டும். வாற்சக்கரமுடைய விமானம் நிலத்தில் நிமிர்ந்து நிற்கும். வானில் மட்டமாகச் செல்லும். ஆதலின், இருநிலையிலும் தாழ்ந்த இடம் எதுவென ஆராய்ந்த பின்னரே வடிப்பிடத்தைத் துணிதல் வேண்டும்.

குளவியும் விமானமும்

மாணவன் குருவைப்போல் ஆவதற்குக் குளவியையும் புழுவையும் உவமை கூறுதல் நம் சமய மரபு. அக்குளவி நம் வீட்டுச் சாவித்துளையிலும் சன்னற்சட்டத்திலும் மண்கூடு கட்டுவதை யாவரும் கண்டிருப்பர். பீற்றோ வாயும் அதன் கண்ணுக்கு நல்லதொரு துளையே.

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பேர்கன் எயர் நிறுவனத்துப் போயிங் 757 விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். விமானம் பல நாள் நின்றிருந்தபோது பீற்றோ வாய்களுக்கு உறை இடப்படவில்லை. மண்கூட்டுக் குளவி ஒரு வாயை அடைத்திருக்கக்கூடும் என விசாரணையாளர் கருதினர். வாய் அடைபட்டால் உள்ளே அகப்பட்ட காற்றின் அமுக்கம் மாறாது நிற்கும். விமானம் ஏற ஏறச் சூழமுக்கம் குறையும்; வேறுபாடு வளரும்; வேகமானி மிகு வேகம் எனப் பொய் கூறும். அப்பொய்யை நம்பி மூக்கு உயர்த்தப்பட்டது. விமானம் வேகம் இழந்தது.

அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி பெரு நாட்டின் இலீமாவிலிருந்து எழுந்த மற்றொரு 757 விமானத்தில், கழுவும்போது நிலையமுக்கத் துளைகளின்மேல் ஒட்டிய நாடா அகற்றப்படாது விடப்பட்டது. இரவிற் கடலின்மேல் உயரமும் வேகமும் அறியாது தடுமாறி, 70 பேரோடு அவ்விமானம் மறைந்தது. 2009ஆம் ஆண்டு யூன் 1ஆம் திகதி அத்திலாந்திக் கடலின்மேல் எயர் பிரான்சு விமானத்தின் பீற்றோ வாய்களைப் பனித்துணிக்கைகள் சிறிது நேரம் அடைத்தன. அதனைத் தொடர்ந்த குழப்பத்தில் 228 பேர் உயிரிழந்தனர்.

உறை இட்டால் மட்டும் போதாது; அதனை நீக்கவும் வேண்டும். 2018ஆம் ஆண்டு யூலை மாதம் அவுத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில், குளவிக்கு அஞ்சி இட்ட உறைகள் நீக்கப்படாமலே ஒரு பயணி விமானம் வானேறியது. விமானிகளின் திறத்தால் அது நலமே இறங்கிற்று. உறைகளிற் செந்நிற நாடா தொங்கவிடுவதும், பறக்குமுன் விமானத்தை ஒருமுறை சுற்றிவந்து ஒவ்வொரு துளையையும் நோக்குவதும் இதன்பொருட்டே. பெருவிமானத்துக்கு மூன்று நான்கு பீற்றோ வாய்கள் உண்டு. வீட்டில் கட்டிய சிறு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒன்றே உண்டு. ஆதலின், அதனைக் கட்டுபவனுக்குப் பொறுப்பு மிகுதி.

மூடுமுன் சோதித்தல்

இறக்கையின் தகடு மூடி ஆணியறையப்பட்டபின் குழாயைக் காண இயலாது. ஆகவே, மூடுமுன்னரே சோதித்தல் முறை. பீற்றோ வாயில் ஒரு றப்பர்க் குழாயைப் பொருத்தி, இடையே நீர் நிரப்பிய யூ வடிவக் குழாயை இணைத்து, மெல்ல அமுக்கம் கொடுத்தல் வேண்டும். நீர்மட்ட வேறுபாடு 193 மில்லிமீற்றர் ஆகும்போது வேகமானி 200 கிலோமீற்றரைக் காட்ட வேண்டும். பின்னர்க் குழாயை நெரித்துப் பிடித்து ஒரு நிமிடம் பொறுத்தல் வேண்டும். ஊசி இறங்கின் எங்கோ கசிவு உண்டு.

நிலையமுக்கக் குழாயில் மெல்ல உறிஞ்சி உயரமானியை 1000 அடி உயர்த்துவர். ஒரு நிமிடத்தில் 100 அடிக்குமேற் குறையலாகாது என்பது அமுக்கமேற்றாத விமானங்களுக்கு அமெரிக்க விதி. இச்சோதனையிற் பீற்றோ வாயையும் அதே உறிஞ்சலோடு இணைத்தல் வேண்டும். இன்றேல் வேகமானி அளவுமீறி ஓடிப் பழுதாகும். கருவி இணைந்திருக்கும்போது குழாயை வாயால் ஊதுதலும், அமுக்கிய காற்றைச் செலுத்துதலும் ஒருபோதும் ஆகா.

மாணவர் செய்து பார்க்க

விமானம் இல்லாமலே இதனை வகுப்பறையில் விளக்கலாம். ஒளிபுகும் மெல்லிய பிளாத்திக்குக் குழாயை யூ வடிவில் வளைத்துப் பலகையிற் கட்டி, நிறமிட்ட நீரைப் பாதியளவு நிரப்புக. ஒரு முனையோடு நீண்ட குழாயை இணைத்து அதன் வாயை மேசை மின்விசிறிக்கு எதிரே பிடிக்க. விசிறியின் காற்று செக்கனுக்கு 4 மீற்றர் எனின் இரு நீர்மட்டங்களின் வேறுபாடு ஒரு மில்லிமீற்றரே ஆகும், கண்ணுக்குப் புலப்படாது. இனி, பலகையைப் படுக்கச் சாய்த்து, குழாயின் ஒவ்வொரு 10 அலகு நீளத்துக்கும் ஓர் அலகே உயருமாறு வைக்க. இப்போது குழாயின் நீளவாட்டில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 10 மில்லிமீற்றராகும். பின்னர் இணைப்புக் குழாயில் ஒரு தொய்வு உண்டாக்கி, அதிற் சில துளி நீர் விட்டு மீண்டும் நோக்குக. நாம் பக்கங்களில் எழுதியதைத் துளி நீர் ஒரு நிமிடத்திற் கற்பிக்கும்.

காணாத வேலை

மாசிமகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர் வீதியுலா வரும்போது நம் கண்கள் சிகரத்தையும் சோடனையையும் நோக்குகின்றன. அச்சினை நோக்குவார் அரியர். அது நன்றாக அமைந்திருத்தலாலேயே நாம் அதனை நோக்க வேண்டாதிருக்கின்றது. இறக்கையினுள் ஓடும் குழாயும் அத்தகையதே. அதனைச் செய்தவனைத் தவிர வேறெவரும் அதனைக் காணப்போவதில்லை. பிறர் காணாத இடத்திற் செய்யும் வேலையை ஒருவன் எவ்வாறு செய்கின்றான் என்பதே அவன் தொழிலறத்துக்கு உரைகல்.

நம் கல்லூரியிற் பயின்றோர் இன்று பட்டறைகளிலும் மருத்துவமனைகளிலும் மின்னிலையங்களிலும் கணினிக்கூடங்களிலும் பணிபுரிகின்றனர். ஒவ்வொரு தொழிலிலும் மூடிய தகட்டின் பின்னே இத்தகைய குழாயொன்று உண்டு. அதனைத் தொய்வின்றி அமைத்து, மூடுமுன் சோதித்து, பின்வருவோன் மயங்காதவாறு அடையாளமிட்டுச் செல்வார்களாக. இன்று கீழ்வகுப்பிலே காகித விமானம் மடித்துப் பறக்கவிடும் சிறுவன் நாளை உண்மை விமானம் கட்டுதல் கூடும். அன்று அவனுக்குச் சொற்கள் தேடி வேற்றுமொழியிடம் போகவேண்டிய நிலை வாராதிருக்கட்டும்.